ராணிப்பேட்டையில் குதிரைக்கு லகான் எங்கே கிடைக்கும்?

"நீ தோல் கம்பெனியிலதானே கீற? ஒரு லகான் வாங்கியார முடியாதா உன்னால?"

அத்தை மகன் போனில் கேட்ட கேள்வி இது. வாலாஜா பக்கம் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று ஒரு வெள்ளைக் குதிரை வாங்கிக் கட்டியிருக்கிறான். குதிரையோடு சேர்த்துக் கொடுத்த சேணமும் வார்களும் வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடந்தன. கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. சிப்காட்டில் எந்தத் தெருவில் திரும்பினாலும் டேனரி வாடைதான். இங்கே பதமாகும் தோல் ஐரோப்பாவுக்கு ஷூவாகவும் பையாகவும் போகிறது. அப்படிப்பட்ட ஊரில் நாலு முழ வார் கிடைக்காதா?

கடைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது. கூகுளில் குதிரைச் சாமான் என்று தேடினால் சென்னை, பெங்களூரு முகவரிகள் வந்து நிற்கும். பெட் ஷாப் என்று தேடினால் மீன்தொட்டி, லவ் பேர்ட்ஸ் கூண்டு, நாய்த்தீனி மூட்டை விற்கிற கடைகள் வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை எங்கும் கிடைக்கும். அங்கே தொங்குகிற கழுத்துப்பட்டை அத்தனையும் நைலான். தோல் ஊரில் நைலான்! ஒரு கடையில் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "தோல் பட்டைய யாருண்ணா கேக்குறாங்க? நனைஞ்சா நாறுதுன்னு திருப்பிக் கொண்டாந்து குடுக்குறாங்க" என்றான் கடைக்காரத் தம்பி.

அப்புறம் அலைந்து தெரிந்துகொண்டது இதுதான்: குதிரைக்கும் நாய்க்கும் வேண்டியதில் முக்கால்வாசி இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது, அந்தப் பெயரில் பலகை மாட்டிய கடையில்தான் இல்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் செருப்புக்கும் என்று நடக்கிற தொழில்களுக்குள்ளே அது கலந்து கிடக்கிறது. யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை, ஊரே குதிரையோடு ஒட்டிப் பிறந்த ஊர். 1714இல் செஞ்சி தேசிங்கு ராஜன் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி மாண்டான். அவன் உடலோடு உடன்கட்டை ஏறிய இளம் ராணியின் நினைவாக நவாப் எழுப்பியதுதான் ராணிப்பேட்டை என்பது வழிவழியாகச் சொல்லி வருகிற சேதி. தேசிங்கு கதையைக் கூத்திலோ சினிமாவிலோ பார்த்த எவருக்கும் ராஜாவுக்கு முன்னால் அவனுடைய குதிரைதான் ஞாபகம் வரும். பிறகு வெள்ளைக்காரன் குதிரைப்படையைக் கொண்டுவந்து நிறுத்தியதும் இந்தப் பாலாற்றங்கரையில்தான். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த செய்தி வந்ததும் கில்லஸ்பி 19ஆவது லைட் டிராகூன் படையோடு பறந்து போனதாகப் பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அவர் கிளம்பிய 'ஆற்காடு' பாளையம் இங்கேதான் இருந்தது. வேலூர் இங்கிருந்து 25 கிலோமீட்டர் சொச்சம். கிளர்ச்சியை நசுக்கப் போன அந்தக் குதிரைகளைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் ஒரு குதிரைப்படை நின்ற ஊரில் லாடம் அடிக்கிறவர், சேணம் தைக்கிறவர், கொள்ளு வியாபாரி, புல்லறுக்கிறவர் என்று ஒரு கூட்டமே வாழ்ந்திருக்கும். படை கலைந்ததும் அந்தக் கூட்டமும் வேறு பிழைப்புக்குப் போயிருக்கும்.

சேணத்தொழில் வடக்கே கான்பூருக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. 1860களில் ராணுவத்துக்குச் சேணமும் வார்களும் செய்ய அங்கே அரசுத் தொழிற்சாலை வந்தது. அதைச் சுற்றி வளர்ந்த பட்டறைகள் இன்றைக்கும் உலகத்துக்கே சேணம் அனுப்புகின்றன. நம் பக்கம் அப்படி இல்லை. அரைப்பதமாக்கிய தோலைக் கட்டுக்கட்டாக லண்டனுக்குக் கப்பலேற்றி அனுப்பிய பக்கம் இது. 1970களில் அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்ட பிறகுதான் முழுப்பதத் தோலும் ஷூவும் என்று மாறினோம். ஆம்பூர் ஷூ ஊர் ஆனது, ராணிப்பேட்டை அதற்குத் தோல் கொடுக்கிற ஊர் ஆனது.

இதனால்தான் எங்கள் கம்பெனியில் மலைபோலக் குவிந்து கிடக்கிற தோலில் ஒரு லகானுக்குக்கூட வழியில்லை. இங்கே ஓடுவதில் பெரும்பாலும் குரோம் பதம். டிரம்முக்குள் குரோமிய உப்போடு சுற்றவிட்டால் ஒரு நாளைக்குள் தோல் நீலநிறமாகி வெளியே வந்துவிடும். மெத்தென்று இருக்கும், சாயம் நன்றாக ஏறும், ஷூவின் மேல்பாகத்துக்கு அதுதான் வேண்டும். இந்த முறையை மதராசில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் சோதித்துப் பார்த்ததே கவலை ஏற்றத்துக்குச் சால் தைக்கத்தான், தண்ணீரில் கிடந்தாலும் அந்தத் தோல் அழுகாது என்பதால். ஆனால் குதிரைக்கு வேண்டியது வேறு. அரை டன் எடையுள்ள பிராணி மிரண்டு தலையை வீசினால் இழுபடாமல் பிடித்து நிற்கிற விறைப்பு வேண்டும். குரோம் தோல் இழுக்க இழுக்க நீளும். ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதம் பண்ணிய கெட்டித் தோல்தான் வாருக்கு ஆகும். எங்கள் தாத்தா காலத்தில் இந்த ஊர் டேனரிகளிலும் பட்டைப்பதம்தான் நடந்தது. இப்போது அதற்கு நான் சென்னை பெரியமேட்டுத் தோல் கடைகளுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே எருமைத் தோலில் பட்டைப்பதம் என்று கேட்டால் எடுத்துப் போடுகிறார்கள். வாங்குமுன் விளிம்பை வெட்டச் சொல்லிப் பாருங்கள். வெட்டுவாய் முழுக்க ஒரே பழுப்பாக இருந்தால் பட்டைப்பதம். நடுவில் நீலமோ சாம்பலோ தெரிந்தால் மேலே சாயம் பூசிய குரோம்.

தோல் வந்துவிட்டது, தைப்பது யார்? பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்புத் தைக்கிறவர் அந்தக் கனத்தைப் பார்த்ததும் கைவிரித்துவிட்டார். கடைசியில் வழிகாட்டியது ஆம்பூர். அங்கே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிற வேலையில் ஒரு பகுதி வீடுகளுக்குத்தான் போகிறது. பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று தைத்துக் கொடுக்கிறார்கள். அந்த ஜோடிக் கூலியைக் கேட்டால் ஷூவின் விலை ஒட்டிய பெட்டியைப் பார்க்கவே கூசும். அப்படித் தைக்கிற ஒரு அக்காவிடம் பழைய லகானைக் காட்டினோம். புரட்டிப் பார்த்துவிட்டு, "இது மிஷின் தையல் தம்பி, அதான் ஒரு இடத்துல அறுந்ததும் மொத்தமும் உருவிக்கினு வந்துடுச்சு" என்றார். அவர் தைத்த விதம் இது: ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. குத்தூசியால் ஓட்டை போட்டு, ஒரே ஓட்டைக்குள் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று, இரண்டையும் எதிரெதிராக இழுத்து இறுக்கி, அடுத்த ஓட்டை. நூலுக்கு மெழுகு. இந்தத் தையலில் ஒரு கண்ணி அறுந்தாலும் பக்கத்துக் கண்ணி பிடித்து நிற்கும். உலகம் முழுக்கச் சேணக்காரர்கள் தைப்பது இப்படித்தான். அக்காவுக்கு அதெல்லாம் தெரியாது, குதிரையைத் தொட்டதுகூட இல்லை. லகான், தலைவார், வயிற்றுவார் எல்லாம் அவர் கையால் ஆயிற்று. சேணத்தை மட்டும் கான்பூரிலிருந்து வரவழைத்தோம். அதன் உள்கட்டு மரமும் திணிப்பும் வேறு வித்தை.

வாயில் மாட்டுகிற இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கடிவாளத்தோடு வந்தது முள் வைத்த இரும்பு. ஊர்வலக் குதிரைக்காரர்கள் சிலர் இன்னும் அதைத்தான் போடுகிறார்கள். வெடிச்சத்தத்தில் மிரண்டால் சட்டென்று நிறுத்தலாமாம். 1965ஆம் வருஷத்து வதைத் தடுப்பு விதிகளின்படியே முள் இரும்பு கூடாது. விதியை விடுங்கள், அந்தக் குதிரையின் வாயோரத்துத் தழும்பைப் பார்த்தாலே போதும். அதைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு, நடுவில் ஒரு மூட்டு மட்டும் உள்ள வழவழப்பான எஃகு இரும்பை வாங்கி மாட்டினான் அத்தை மகன்.

லாடம்தான் எல்லாவற்றிலும் பாடு. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போனால் கயிறு, மூக்கணாங்கயிறு, சலங்கை, மணி, சாட்டை, கொம்புக்கு வர்ணம் என்று கால்நடைச் சாமான் அத்தனையும் தரையில் விரித்திருப்பார்கள். குதிரையைக் கட்டக் கயிறு, உடம்பு தேய்க்க பிரஷ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அங்கே கடை விலையில் பாதிக்கு வாங்கலாம். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரையும் அந்தப் பக்கம் விசாரித்துப் பிடிக்கலாம். ஆனால் மாட்டுக்கு அடிக்கிறவர் குதிரைக்கு ஆகமாட்டார். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துப் படுக்கவைத்து, பிளந்த குளம்புக்கு இரண்டிரண்டு தகடாக அடிப்பார்கள். குதிரைக்கு நின்ற நிலையில், காலைத் தூக்கித் தன் முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு அடிக்க வேண்டும். குளம்பின் வெளிச்சுவருக்கு உணர்ச்சி கிடையாது. ஒரு நூல் உள்ளே தள்ளி ஆணி இறங்கினால் உயிர்ச்சதை. குதிரை நொண்டும், சீழ் வைக்கும், ஊர்வல சீசன் போச்சு.

ஆம்பூர், வாணியம்பாடியில் ஜட்கா ஓடிய காலம் நினைவிருக்கிறவர்களைக் கேட்டுக் கேட்டு, ஒரு ஜட்காக்காரர் குடும்பத்துப் பெரியவரைக் கண்டுபிடித்தோம். வண்டி போய்விட்டது, கைவேலை போகவில்லை.

"பாய், எத்தினி நாளுக்கு ஒருக்கா மாத்தணும்?"

"லாடம் தேயுதோ இல்லியோ, குளம்பு வளருதுல்ல? நம்ம நகம் மாதிரிதான். ஆறு வாரம், மிஞ்சிப்போனா எட்டு. அதுக்கு மேல வுட்டா நடை கோணிக்கும்."

அவர் அடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பழைய ஆணிகளின் மடக்கை நிமிர்த்தி, லாடத்தைக் குறடால் நெம்பிக் கழற்றினார். குளம்புக் கத்தியால் அடியைச் சீவினார், வெள்ளை வெள்ளையாகத் தேங்காய்ச் சில்லு மாதிரி உதிர்ந்தது. அரத்தால் மட்டம் பார்த்தார். புது லாடத்தை வைத்து ஆணியை இறக்கும்போது காது அதிலேயே இருக்கிறது. சரியான இடத்தில் இறங்கினால் சத்தம் கெட்டியாக வருமாம், மெத்தென்று கேட்டால் உடனே உருவிவிட வேண்டுமாம். ஆணியின் முனை ஒரு பக்கம் சாய்வாக இருப்பதால், அடிக்க அடிக்க வெளிப்புறமாக வளைந்து குளம்புச் சுவரில் எட்டிப் பார்க்கிறது. அதை முறுக்கி ஒடித்து, மிச்சத்தை மடக்கி அரத்தால் தேய்த்துவிட்டார். சிமென்ட் ரோட்டில் வழுக்குகிறது என்று அத்தை மகன் சொன்னதற்கு, "ரோட்டைச் சொல்லாத, டிஜே பாக்ஸைத் தள்ளி வெக்கச் சொல்லு" என்றார். அவருக்குப் பிறகு யார் என்று கேட்டோம். மகன் ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

தீனி விஷயத்தில் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், உயிர் போகிற தப்புகள் நடக்கிற இடம் அது. கொள்ளுக்குப் பஞ்சமில்லை, வேலூர் லாங்கு பஜார் தானிய மண்டிகளில் மூட்டையாகவே கிடைக்கும். ஊறவைத்தோ வேகவைத்தோ போட வேண்டும். பசும்புல்லுக்குப் பால்மாடு வைத்திருப்பவரிடம் பேசிக்கொண்டால் கோ-4 தீவனப்புல் கட்டுக்கட்டாகக் கொடுப்பார். இங்கேதான் சிக்கல். அந்தப் புல்லில் ஆக்சலேட் கூடுதல், அது சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கூடவே கோதுமைத் தவிட்டையும் அள்ளிப் போட்டால் அதிலுள்ள பாஸ்பரஸ் மிச்சத்தையும் கெடுக்கும். மாடு அசைபோடும் பிராணி, சமாளித்துக்கொள்ளும். குதிரைக்கு எலும்பிலிருந்து சுண்ணாம்பு உருவி, நாளடைவில் தாடை வீங்கி நொண்ட ஆரம்பிக்கும். குதிரைமசாலைச் சேர்த்துக் கொடுத்தால் சுண்ணாம்பு ஈடாகும் என்றார் கால்நடை டாக்டர். அதன் விதை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும். இரண்டு சென்ட் இடம் இருந்தால் போட்டுவிடலாம்.

அதைவிட ஆபத்து, தீனிக்கடையில் கைக்குக் கிடைத்த குச்சித் தீவனம். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனத்திலும் மொனென்சின் என்ற மருந்து கலப்பார்கள். கோழிக்கும் மாட்டுக்கும் அது நல்லது. குதிரைக்குக் கொஞ்சம் போதும், இதயத் தசையையே அழித்துவிடும், மாற்று மருந்து கிடையாது. மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் எதையும் போடாதீர்கள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் ஆகாது, மூளையைத் தாக்கும்.

டாக்டர் என்றால், அரசு கால்நடை மருந்தகங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. 1962க்குப் போன் போட்டால் நடமாடும் ஊர்தி வரும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வந்து பழகியவர்கள்தான் வருவார்கள், ஆனாலும் அவர்களை அலட்சியமாக நினைக்காதீர்கள். முதல் மணி நேரத்தில் வயிற்று வலியோடு புரளும் குதிரைக்கு ஊசி போட்டுக் காப்பாற்றுகிறவர்கள் அவர்கள்தான். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றில் சிக்கினால் சிக்கியதுதான். தரையைக் காலால் பறிக்கிறது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கிறது, தீனியை முகர்ந்துவிட்டு ஒதுக்குகிறது என்றால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அறுவை, ஸ்கேன் என்று போனால் சென்னை வேப்பேரிதான், 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. நூறு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் குதிரை ஏறப் பழகிய வண்டியில். அதனால் வண்டிக்காரர் நம்பரை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதிலும் ஒரு விசித்திரம். நம் ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டு மாட்டுக்கு அடைப்பான் தடுப்பூசியும் கோழிக்குக் கழிச்சல் தடுப்பூசியும் போவது அங்கிருந்துதான். குதிரை நோய்களுக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் ஆராய்ச்சி நிலையமோ ஹரியானா ஹிசாரில். எங்கள் ஊரில் எத்தனை குதிரை இருக்கிறது என்று பார்த்தால் அதில் தப்புச் சொல்லவும் முடியாது. குதிரைக்கு வில்வாத ஜன்னி மனுஷனைவிடச் சுலபமாக வரும், லாட ஆணிக் காயமே போதும். டெட்டனஸ் ஊசியை மட்டும் தவறவிடாதீர்கள்.

நாய் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு விஷயம். கடையில் நாய் கடிக்க எலும்பு வடிவில் முடிச்சுப் போட்டு விற்கிறார்களே, அது தோல்தான். சுண்ணாம்பில் ஊறிய தோலை இரண்டாகப் பிளந்து, உள்பக்கத்தை எடுத்து, சுண்ணாம்பு போகக் கழுவி, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, உருட்டிக் காயவைப்பது. இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதியும் ஆகிறது. "அப்ப டேனரியில சும்மா கிடக்கிற துண்டையே நாய்க்குப் போடலாமே" என்று எங்கள் தெருவில் ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. பதமான துண்டில் குரோமியம், பதமாகாததில் சுண்ணாம்பும் சல்பைடும். கடைத் தோல் எலும்பையும்கூட நாய் விழுங்கும் அளவுக்குக் கரைந்ததும் பிடுங்கிவிடுங்கள், தொண்டையில் அடைக்கும். கழுத்துப்பட்டைக்கு அந்த ஆம்பூர் அக்கா தைத்ததையே எங்கள் வீட்டு நாய்க்குப் போட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவுகிறேன், நாறவில்லை. குட்டி வாங்குகிறவர்கள் எட்டு வாரம் முடியாத குட்டியை வாங்காதீர்கள், 2017 விதிப்படி விற்கவே கூடாது.

இப்போது அத்தை மகனின் தலைவலி சாமானோ டாக்டரோ இல்லை, நம் வெயில். முகூர்த்தம் நெருக்கிக்கொண்டு வருகிற சித்திரை, வைகாசியில்தான் வேலூர்ப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. முன்னே சொன்ன அதே 1965 விதிகள், வெப்பம் 37 டிகிரிக்கு மேல் போகிற இடத்தில் பகல் 12 முதல் 3 வரை பாரம் இழுக்கிற, சுமக்கிற பிராணியை வேலை வாங்கக் கூடாது என்கின்றன. 3 மணி ஆனதும் தார்ரோடு குளிர்ந்துவிடுமா என்ன? அவன் சாயங்காலம் 6 மணிக்கு முன்னால் குதிரையை இறக்குவதில்லை என்று வைத்திருக்கிறான். கல்லுப்புக் கட்டி ஒன்று லாயத்தில் தொங்குகிறது, கிளம்பும் முன்னும் வந்த பின்னும் வாளித் தண்ணீர். போன வாரம் ஆற்காட்டு மண்டபத்திலிருந்து ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"நாலரை மணிக்கு ராகுகாலம் முடியுதுங்க. அப்பவே மாப்பிள்ளைய ஏத்தியாகணும்."

"ஏத்துங்கண்ணா. கார்ல ஏத்துங்க. ஆறு மணிக்கு நான் குதிரையோட வரேன், போட்டோவுக்கு."

வாடகையில் பாதி பேசி முடித்தார்கள்.